பண்டகசாலையும் தொழிற்சாலையும்: ‘ஃபேக்டரி’ என்ற சொல்லின் இரு பொருள்கள்

ஓசூர் சிப்காட்டில் ஃபேக்டரி என்றால் பொருள் உற்பத்தியாகும் இடம். 1639இல் மதராசபட்டினத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் பிடித்த பிரான்சிஸ் டே காலத்தில், அதே சொல் சரக்கை வாங்கிச் சேர்த்துக் கப்பலேற்றும் வணிக நிலையத்தைக் குறித்தது.

சொல்லின் வேர் இலத்தீன். ‘ஃபாக்டர்’ என்றால் செய்பவர். பிறருக்காகச் செய்பவர் என்ற வழியில் அது வணிக முகவரைக் குறித்தது. முகவர்கள் தங்கிய இடமே ஃபேக்டரி. போர்த்துக்கீசியர் அதை ‘ஃபெய்தோரியா’ என்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தருக்கு மேல், வணிகருக்குக் கீழ் இருந்த பதவிக்கும் ஃபேக்டர் என்றே பெயர். இன்றைய பொருள், இங்கிலாந்தில் நூற்பாலைகள் பெருகிய 18ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது.

பழைய ஃபேக்டரியில் தறி கிடையாது. தறி நெசவாளர் வீட்டில் இருந்தது. தரகர் வழியே முன்பணம் போகும், துணி வரும். நீள அகலமும் இழை நெருக்கமும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். மட்டமானதைத் தள்ளிவிட்டு மீதியை மூட்டை கட்டுவார்கள்.

புதிய ஃபேக்டரியில் எந்திரமும் ஆளும் ஒரே கூரையின் கீழ். 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து சாலைக்கு வந்தது. 1984இல் உருவான டைட்டன் நிறுவனமும் கைக்கடிகாரம் செய்ய ஓசூருக்கே வந்தது. இன்று போச்சம்பள்ளியில் ஓலாவின் மின் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. நெசவாளர் தம் வீட்டில் நெய்தார். இங்கே ஷிப்டு நேரத்துக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டும்.

சட்டமும் இந்தப் புதிய பொருளையே எடுத்துக்கொண்டது. மின்விசை இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்யும் உற்பத்தியிடமே தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும் வைத்தது. வீட்டுத் தறிக்காரருக்குக் கிடைக்காத காப்பு இது. புதிய ஃபேக்டரியின் பெருமையும் இதுதான்.

ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒருவர் உண்டு: இடைத்தரகர். அன்று நெசவாளருக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்றார். இன்று காண்ட்ராக்டராக நிற்கிறார். ஒரே லைனில் ஒரே வேலை பார்க்கும் இருவரில் ஒருவர் நிறுவனத்தின் ஆள், மற்றவர் காண்ட்ராக்ட் ஆள்.

நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய 1970ஆம் ஆண்டுச் சட்டமே அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆண்டு முழுதும் ஓடும் லைனில் நிற்பவரை நிறுவனமே நேரடியாகப் பணியில் அமர்த்த வேண்டும். அதுவரை புதிய ஃபேக்டரி பழையதிலிருந்து பாதி தூரமே வந்திருக்கிறது.