உனக்கு எது பிடிக்கும்? – ஒரு கேள்வி வந்த வழி

போன மாதம் அக்கா பெண் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தோடு வந்து உட்கார்ந்தாள். 650 வார்த்தைக்குள் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டுமாம். "மாமா, எனக்கு எறும்பு பார்க்கத்தான் பிடிக்கும். அதை எழுதினா சீட் கிடைக்குமா, இல்ல ரோபோ கிளப் பத்தி எழுதவா?" ரோபோ கிளப்புக்கு அவள் மொத்தமே நாலு நாள்தான் போயிருக்கிறாள்.

சட்டென்று பதில் வரவில்லை. என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லையே! தொண்ணூறுகளின் கடைசியில் 300க்கு என் கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு காலி, இரண்டையும் பார்த்து அப்பா கை காட்டினார், சேர்ந்தேன். எனக்குக் கல்வெட்டு, பழைய நாணயம் என்றால் பைத்தியம். அதற்குப் படிவத்தில் கட்டம் ஏது?

சரி, கல்லூரிகள் இதையெல்லாம் எப்போதிருந்து கேட்க ஆரம்பித்தன என்று தேடினேன். ஜெரோம் காராபெல் 2005-ல் எழுதிய 'தி சோசன்' என்ற தடிமனான புத்தகம் கண்ணைத் திறந்தது.

1900 வாக்கில் ஹார்வர்டில் சேர நுழைவுத் தேர்வில் தேறினால் போதும், ஏறக்குறைய இடம் உறுதி. குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் நன்றாகப் படித்துத் தேறினார்கள். 1900-ல் சுமார் 7 சதவீதமாக இருந்த யூத மாணவர்கள் 1922-ல் 21 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். தலைவர் லாரன்ஸ் லோவெல் 15 சதவீத வரம்பு வைக்கப் பார்த்தார், பேராசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதே 1922-ல் விண்ணப்பத்தில் ஒரு புதுக் கேள்வி முளைத்தது: நீங்களோ அப்பாவோ பிறந்தபின் பெயரை மாற்றியதுண்டா? 1926-ல் முதலாண்டு இடங்கள் 1000 என்று வரையறுக்கப்பட்டன. மதிப்பெண்ணோடு குணமும் ஆளுமையும் பார்க்கப்படும் என்றார்கள். புகைப்படமும் கட்டாயமானது.

குணத்தை அளக்க அளவுகோல் கிடையாது. அதுதான் வசதி. ஒருவரை ஏன் எடுக்கவில்லை என்று யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாணவன் ஒரு துறையை ஆழமாகவும் மற்றவற்றைப் பரவலாகவும் படிக்கவேண்டும் என்ற முறையை, அதாவது இன்றைய 'மேஜருக்கு' இணையான ஹார்வர்டு ஏற்பாட்டை, 1909-ல் பதவிக்கு வந்ததும் கொண்டுவந்தவரும் இதே லோவெல்தான். உள்ளே வந்தவனின் ஆர்வத்துக்கு வழி செய்தவரே, யார் உள்ளே வரலாம் என்பதில் கதவைச் சாத்தினார்.

அந்தக் கதவு இன்னும் கிரீச்சிடுகிறது. 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஹார்வர்டு வழக்கில், ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு ஆளுமை மதிப்பீடு சராசரியாகக் குறைவாக விழுந்தது பெரிய விவாதமானது.

மேஜர் விஷயமும் இடத்துக்கு இடம் மாறும். ஹார்வர்டில் இரண்டாம் ஆண்டில்தான் துறையை உறுதி செய்கிறார்கள். பெர்க்லி, இல்லினாய் போன்ற இடங்களில் எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதே பெரிய விஷயம். உயிரியலில் நுழைந்து அப்புறம் கம்ப்யூட்டர் சயன்ஸுக்குத் தாவிக்கலாம் என்ற கணக்கு அங்கே எளிதில் பலிக்காது.

அப்படியானால் நம்ம கட்-ஆஃபே மேலா? பாதி ஆமாம். கட்டுரை கேட்டிருந்தால் நான் அப்போதே வெளியே நின்றிருப்பேன். எங்கள் வீட்டில் அதை எழுதச் சொல்லித்தர ஆள் இல்லை. என் சாதி, என் ஊர், என் இங்கிலீஷ் எல்லாம் அந்த 'ஆளுமை'க்குள் எடை போடப்பட்டிருக்கும். கட்-ஆஃப் என் முகத்தைப் பார்க்கவில்லை, அது பெரிய உதவி. என் ஆசையையும் பார்க்கவில்லை. இருபது வருஷம் கோடு எழுதிவிட்டு இப்போது ராத்திரியில் கல்வெட்டு படிக்கிறேன்.

அக்கா பெண்ணிடம் எறும்பைப் பற்றியே எழுதச் சொன்னேன். கேட்பவர்களின் நோக்கம் எதுவாக இருந்தாலும், பதிலாவது அவளுடையதாக இருக்கட்டும். மூன்று வருஷமாக மொட்டை மாடி எறும்புகளைப் பற்றி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாளாம், எனக்கே தெரியாது. சீட் கிடைக்குமா என்று சொல்லமுடியாது. நோட்டை மட்டும் படிக்க வாங்கி வைத்திருக்கிறேன்.