மூன்று சகோதரர்களின் தையல் கம்பெனியும் நம்ம ஓசூர் ரோடும்



என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், தம்பியோடு சேர்ந்து சூளகிரி பக்கம் சின்னதாக ஒரு தையல் யூனிட் போடப் போகிறாளாம். "வேலைக்கு வர்ற பொம்பளைங்களுக்கும் நல்லது நடக்கணும் சார். இப்படிக் கூடப்பிறந்தவங்க சேர்ந்து முன்னாடி யாராவது செஞ்சிருக்காங்களா?" என்று போனில் கேட்டாள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் சுருக்கமாகவா பதில் வரும்? அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன்.

கூடப்பிறந்தவர்கள் கூட்டாகத் தொழில் செய்தார்கள் என்றாலே நம் பக்கம் அடுத்து வரும் பேச்சு பாகப்பிரிவினைதான். இலங்கையில் அப்படி ஆகாத கதை ஒன்று உண்டு. மகேஷ், அஜய், ஷரத் என்ற அமலியன் சகோதரர்கள் மூவர் 1987இல் ஒரு ஆயத்த ஆடை நிறுவனம் தொடங்கினார்கள். மூவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'மாஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் பெண்களின் உள்ளாடைகள். அமெரிக்க, ஐரோப்பியப் பெரிய கடைகளுக்குத் தைத்துக் கொடுத்தே வளர்ந்தார்கள். இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள்.

வளர்ந்தது பெரிதல்ல. எப்படிப்பட்ட இடத்தில், எப்படிப்பட்ட காலத்தில் வளர்ந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

1978இல் கொழும்பு விமான நிலையத்தை ஒட்டிய கட்டுநாயக்கவில் இலங்கையின் முதல் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரே அறையில் பலர் பாய் விரித்துப் படுத்து, மிச்சம் பிடித்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் வீடு எழும்பியது, தம்பி படித்தான். ஊர் அவர்களுக்குக் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? 'ஜூகி பெண்கள்'. ஜூகி என்பது ஜப்பான் தையல் மெஷினின் பெயர். அந்தப் பெயரைச் சொல்லியே ஏளனம் செய்தார்கள். வரன் பார்க்கும்போது கட்டுநாயக்கவில் வேலை பார்த்தவள் என்பதே ஒரு குறையாகிப்போனது. உழைத்து அனுப்பிய காசு மட்டும் யாருக்கும் கசக்கவில்லை!

அமலியன் சகோதரர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். பெண்ணை மெஷின் இருக்கும் இடத்துக்கு வரவழைக்காமல், மெஷினைப் பெண் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பன்னல, துல்கிரிய போன்ற இடங்களில் தொழிற்சாலை கட்டி, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். வேலைக்கு வந்து போக பஸ், சாப்பாடு, மருத்துவ வசதி. பெண் இரவில் தன் வீட்டில் தூங்குவாள். இந்த யோசனை இவர்களுக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல மாட்டேன். 1992இல் ஜனாதிபதி பிரேமதாசாவே கிராமப்புறங்களில் 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்.

2003இல் 'விமன் கோ பியாண்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். தொழிற்சாலைக்குள்ளேயே ஆங்கிலம், கம்ப்யூட்டர், பணத்தைக் கையாளும் முறை, உடல்நலம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். முன்னேறிய பெண்களைத் தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் பாராட்டினார்கள். ஏளனப் பெயருக்கு அது ஒரு பதில். இதைத் தர்மம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், வியாபாரக் கணக்கும் இருந்தது. 2004 முடிவோடு உலக ஆடை வர்த்தகத்தில் நாடுகளுக்கான கோட்டா முறை முடியப்போகிறது என்பது முன்பே தெரியும். மலிவு விலையில் சீனாவோடும் வங்கதேசத்தோடும் சின்ன இலங்கை மோத முடியாது. 'எங்கள் தொழிற்சாலையில் யாரையும் வதைப்பதில்லை' என்பதே விற்கக்கூடிய சரக்காக இருந்தது. 2008இல் துல்கிரியவில் மின்சாரமும் தண்ணீரும் மிச்சமாகும்படி ஒரு பசுமைத் தொழிற்சாலை கட்டியதும் அந்தக் கணக்கில்தான். கணக்கோடு சேர்ந்த நல்லது நீடிக்கும் என்பது என் கட்சி.

நம் ஊருக்கு வருகிறேன். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் விடிவதற்குள் சாப்பாட்டுத் தூக்கோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, பொம்மனஹள்ளி வரை எத்தனை கார்மெண்ட்ஸ்! 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் அந்தப் பெண்கள்தான் ஓசூர் ரோட்டை மறித்தார்கள். பி.எஃப். பணத்தில் முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தது. மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் நம்பியிருந்த ஒரே சேமிப்பு அது. கல் வீச்சு, தடியடி, பஸ் எரிப்பு எல்லாம் நடந்தது. 19ஆம் தேதியே அரசு விதியைத் திரும்பப் பெற்றது.

இதற்கு ஐந்து வருடம் முன்பு, 2011 மே 30ஆம் தேதி, கட்டுநாயக்கவிலும் இதே போல நடந்தது. அங்கே அரசு கொண்டுவந்த ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் ஒரு இளம் தொழிலாளி உயிரிழந்தார். அதன் பிறகே மசோதா கைவிடப்பட்டது. இரண்டு இடத்திலும் ஒரே சங்கதி: வயதான காலத்துக்கான பணத்தைப் பற்றி, உழைத்தவர்களைக் கேட்காமல் யாரோ முடிவு செய்தார்கள்.

அதனால் அந்த அக்கா தம்பியிடம் சொன்னேன். பஞ்சு ஆர்கானிக்கா, சாயம் இயற்கையா என்பதெல்லாம் அப்புறம். வேலைக்கு வரும் பெண் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள், அவள் பி.எஃப். மாதாமாதம் கட்டப்படுகிறதா, அதை முதலில் பார்க்கச் சொன்னேன். பஸ்ஸும் சாப்பாடும் கொடுத்தால் சம்பளக் கேள்வி தீர்ந்துவிடாது. இலங்கைத் தொழிற்சங்கங்கள் இன்றும் அதைத்தான் கேட்கின்றன. துணியின் விலையைக் கடல் கடந்த கடைக்காரர் நிர்ணயிக்கும்வரை, நல்ல முதலாளியின் கையும் பாதி கட்டப்பட்டதுதான்.

போர் முடிந்தபின் மாஸ் நிறுவனம் கிளிநொச்சியிலும் தொழிற்சாலைகள் திறந்தது. கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியாகச் சுமந்த பெண்கள் நிறைந்த ஊர் அது. அங்குள்ள தொழிற்சாலைகளுக்குத் தமிழில் பெயர்: ஒன்று 'விடியல்', இன்னொன்று 'வானவில்'. யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம் உறவு உள்ளவர்கள் யாராவது அங்கே வேலை செய்பவர்களிடம் பேசியிருந்தால், சம்பளம் எப்படி, மரியாதை எப்படி என்று கீழே எழுதுங்கள். அதை அப்படியே சூளகிரிக்கு அனுப்பி வைக்கிறேன்.