வொஸ்கோபொயா

தென்கிழக்கு அல்பேனியாவில், கோர்ச்சா நகருக்கு மேற்கே, ஏறத்தாழ 1,160 மீட்டர் உயரத்தில் உள்ள மலைக் கிராமம். 18ஆம் நூற்றாண்டில் இது அரோமேனிய வணிகர்கள் செழித்த பெருநகரம். வெனிஸ் வரை வணிகம் நடந்தது. கிரேக்க நூல்களை அச்சிட்ட அச்சகமும் 1744 முதல் 'புதிய கல்விக்கழகம்' என்ற பெயர் கொண்ட உயர்கல்வி நிலையமும் இங்கே இருந்தன. அக்கல்விக்கழகத்தின் தலைவர் தியோடர் கவலியோட்டி 1770இல் வெனிசில் வெளியிட்ட நூலில் கிரேக்கம், அரோமேனியம், அல்பேனியம் மூன்றின் சொற்களும் அருகருகே நிற்கின்றன. அல்பேனிய மொழி வரலாற்றுக்கு அது அரிய ஆவணம்.

1769இல் ஊர் சூறையாடப்பட்டது. மக்கள் ஹங்கேரி, ஆஸ்திரியா எனச் சிதறினர். 1788இல் மீண்டும் அழிவு. 1916இல் போரில் எரிந்தது. 1960 நிலநடுக்கமும் தேவாலயங்களைச் சிதைத்தது. ஆயினும் புனித நிக்கோலஸ் கோயிலில் டேவிட் செலெனிகா 1726இல் தீட்டிய சுவரோவியங்கள் தப்பியுள்ளன. அவற்றைக் காப்பது அவசரத் தேவை.

2011 கணக்கெடுப்பின்படி, சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து மக்கள்தொகை 1,058. அல்பேனியரும் அரோமேனியரும் வாழ்கின்றனர். 2015 முதல் கோர்ச்சா நகராட்சியில் அடங்கியுள்ளது.