தாசில்தார் கணக்கில் இல்லாத எல்லை

மதுரைக்குக் கிழக்கே மேலூர் தாண்டிச் சிங்கம்புணரி வரையிலும், மேற்கே செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்திலும் ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு வழிகள் உண்டு. வட்டம், பிர்கா, வருவாய்க் கிராமம் என்று சொல்வது ஒன்று. இன்ன நாட்டைச் சேர்ந்த ஊர் என்று சொல்வது இன்னொன்று. கிழக்கே வெள்ளலூர் நாடு, சிறுகுடி நாடு, மல்லாக்கோட்டை நாடு என்று பல. மேற்கே பிரமலைக் கள்ளர் பகுதியில் எட்டு நாடு, இருபத்துநாலு உபகிராமம் என்பது வாய்ப்பாடு போலச் சொல்லப்படும் கணக்கு. இந்த நாடுகளுக்கு எந்த அலுவலகத்திலும் வரைபடம் இல்லை, எல்லைக்கல் இல்லை, வரி வசூல் இல்லை. அப்படியும் இவை அழியவில்லை. காரணம் கேட்டால் சாதிக் கட்டு என்பார்கள், அல்லது கோயில் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கூடவே மாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம். ஆண்டுதோறும் மஞ்சுவிரட்டு என்ற பெயரில் ஊர்கள் ஒன்றையொன்று அழைப்பதும், அழைப்பை ஏற்று வருவதும், வந்தவர்க்கு மரியாதை செய்வதும்தான் இந்த எல்லையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து வந்திருக்கின்றன.

நாடு என்ற அலகு பழையது. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் பல ஊர்கள் சேர்ந்த வேளாண் வட்டாரமாக அது வருகிறது. நாட்டார் என்போர் அதன் பொறுப்பாளர்கள். கல்வெட்டுகளை வைத்துச் சோழ மண்டலத்து நாடுகளை எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட நூலில் வரைபடமாகவே இட்டுக் காட்டினார். அந்த நாடும் இன்றைய மேலூர்ப் பக்கத்து நாடும் ஒன்றேதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இடையில் நாயக்கர் காலமும் பாளையக்காரர் காலமும் புகுந்து எவ்வளவோ மாற்றிவிட்டன. பெயரும் அமைப்பின் சாயலும் மிஞ்சின, அவ்வளவுதான். பிறகு கும்பெனி ஆட்சியும் ரயத்துவாரியும் வந்தன. நிலம் அளக்கப்பட்டது, ஒவ்வொரு வயலுக்கும் புல எண் விழுந்தது. அரசுக்கு ஒரு பக்கம் பட்டாதாரர், மறுபக்கம் வருவாய்க் கிராமம் போதும். நடுவில் இருந்த நாட்டுக்கு வேலை இல்லை. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் மேற்கத்திக் கள்ளர் ஊர்களில் இறங்கியபோதும் கைரேகை ஊர் ஊராகத்தான் எடுக்கப்பட்டது. அதை மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசு இம்மக்களை நிலத்தை வைத்தும் எண்ணியது, குற்றத்தை வைத்தும் எண்ணியது. இரண்டு பேரேட்டிலும் நாடு என்று ஒரு பத்தி கிடையாது.

1868இல் மதுரை மாவட்டக் கையேட்டை எழுதிய நெல்சன், கள்ளர் நாடுகளைப் பற்றியும் எழுதினார், மாடுபிடியைப் பற்றியும் எழுதினார். காய்ந்த ஆற்றுப் படுகையிலோ கண்மாயிலோ கூட்டம் கூடுவதையும், கொம்பில் துணி கட்டி மாட்டை விடுவதையும் கவனித்தவருக்கு, இரண்டும் ஒரே சங்கதியின் இரு பக்கம் என்று தோன்றவில்லை. இன்றும் சிங்கம்புணரிக்கு அருகில் அரளிப்பாறையில் மாசி மகத்தன்று போய் நின்றால் அது தெரியும். பாறைக் குன்று முழுக்க ஆட்கள் அப்பியிருப்பார்கள். கீழே தொழுவத்தில் மாடுகள் காத்திருக்கும். ஆனால் மாடு உடனே அவிழ்வதில்லை. ஐந்துநிலை நாட்டார் ஜவுளி எடுத்து ஊர்வலமாக வரவேண்டும். சாமி கும்பிட வேண்டும். தொழுவில் நிற்கும் மாடுகளுக்கு வேட்டியும் துண்டும் கட்டி மரியாதை செய்ய வேண்டும். அதன் பிறகே ஒவ்வொன்றாக அவிழ்ப்பு. பொறுமையில்லாத சிலர் வெளியே பொட்டலிலும் வயலிலும் கட்டுமாடுகளை முன்னாலேயே அவிழ்த்துவிடுவார்கள், ஆண்டுதோறும் அதற்கு வழக்கும் விழும். அது வேறு கதை. நாம் கவனிக்க வேண்டியது ஜவுளி. யார் எடுத்து வருகிறார்கள், எந்த ஊர் முன்னால் நடக்கிறது, எந்த ஊர் மாட்டுக்கு முதல் துண்டு விழுகிறது என்பதில்தான் நாட்டின் உறுப்பினர் பட்டியலே அடங்கியிருக்கிறது. எழுதி வைக்காத பட்டியல், கூட்டத்தின் கண்முன் வாசிக்கப்படுகிறது. ஓர் ஊர் மனத்தாங்கலில் வராமல் நின்றுவிட்டால் அன்றைக்கே ஊரெல்லாம் தெரிந்துவிடும்.

இதோடு ஒப்பிட அயர்லாந்து நல்ல உதாரணம். 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் என்ற சிற்றூரின் ஹோட்டல் ஒன்றில் மைக்கேல் கியூசக் முதலானோர் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பேராயர் குரோக் அதன் முதல் புரவலர்களில் ஒருவர். நாளடைவில் கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு கோயிலின் ஆளுகைக்குட்பட்ட வட்டாரம், கிராமப்புற அணிக்கு அடிப்படையானது. பங்குக்கு ஓர் அணி. எந்தப் பங்கைச் சேர்ந்தவனோ அதற்குத்தான் ஹர்லிங் மட்டையைப் பிடிக்க வேண்டும். அங்கே எல்லை முதலில் வந்தது, விளையாட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. மதுரைச் சமவெளியில் கதை தலைகீழ். எல்லையை வைத்திருந்த அரசு அதைக் கைவிட்ட பிறகு, விளையாட்டும் திருவிழாவும் அதைச் சுமந்தன. அயர்லாந்தில் தகராறு எல்லைக்கோட்டைப் பற்றியது: இந்த வீடு அந்தப் பங்கா, இந்தப் பங்கா? இங்கே தகராறு வரிசையைப் பற்றியது: யாருக்கு முதல் மரியாதை? கோட்டை அளந்து தீர்ப்புச் சொல்லிவிடலாம். வரிசையைக் கூடித்தான் முடிவு செய்ய முடியும், அதுவும் அந்தந்த ஆண்டுக்கு. நாட்டுக் கூட்டம் ஓயாமல் நடப்பதன் ரகசியம் இதுதான்.

கோயில் ஒன்றே இதற்குப் போதாதா என்று கேட்கலாம். வெள்ளலூர் நாட்டில் ஏழைகாத்த அம்மன் திருவிழா பல ஊர்களைக் கட்டி வைக்கிறதே, மாடு எதற்கு? கேள்வி நியாயமானது. ஆனால் கோயில் திருவிழா நாட்டின் உட்பக்கத்தைக் காட்டுகிறது. வெளிப்பக்கத்தைக் காட்ட அடுத்த நாட்டான் வரவேண்டும். மஞ்சுவிரட்டுக்கு அசலூர் மாடும் அசலூர் இளவட்டமும் வந்தே தீர வேண்டும். தன் ஊர் மாட்டைத் தானே பிடித்துக்கொள்வதில் என்ன பெருமை? வடமாடு ஆட்டத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நீளமான வடத்தில் கட்டிய ஒரு காளை, எதிரே ஒன்பது பேர் கொண்ட அணி. அணிக்கு ஊர் பெயர், மாட்டுக்கும் ஊர் பெயர். ஒலிபெருக்கி இரண்டையும் மாறி மாறிச் சொல்லும். இரண்டு ஊர் நேருக்கு நேர் நிற்கும்போதுதான் ஊர் என்பது என்ன என்று இரண்டுக்கும் விளங்குகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு சாதியைப் பற்றியது. பங்குக் கோயில் எல்லைக்குள் குடியிருக்கும் கத்தோலிக்கர் எல்லாரையும் ஒரு கணக்கில் சேர்க்கிறது. நாடு அப்படியல்ல. ஒரே எல்லைக்குள் குடியிருந்தும் நாட்டார் வரிசையில் இடமில்லாதவர்கள் உண்டு. பறை அடிக்க அழைக்கப்பட்டு, மரியாதைக்கு அழைக்கப்படாதவர்கள் உண்டு. இந்த அமைப்பு அரசின் எல்லையோடு மோதியபோது நடந்தது நமக்குத் தெரியும். 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் பட்டியலினத்தவர்க்கு ஒதுக்கப்பட்டபோது பத்து ஆண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடக்கவிடவில்லை. 2006இல்தான் வழி பிறந்தது. இதில் பாப்பாபட்டி எட்டு நாட்டில் ஒரு நாட்டின் பெயரும்கூட. மேலூருக்கு அருகே மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். எனவே மஞ்சுவிரட்டு ஊர் ஒற்றுமையை வளர்க்கிறது என்று மேடையில் பேசுகிறவர்கள், எந்த ஊர், யாருடைய ஊர் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். என் வாதம் இதனால் பலவீனப்படவில்லை, கசப்பாகிறது. மாடு புதுப்பித்த எல்லை வெளியாரை மட்டும் பிரிக்கவில்லை, உள்ளேயும் பிரித்தது. அதே வலைப்பின்னல் வேறு விதமாகவும் பயன்பட்டதுண்டு. அரிட்டாபட்டிப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை கிராமங்கள் கிளம்பி நடந்தன. அதே மாதத்தில் ஏலம் ரத்தானது. ஊர்கள் அழைத்தால் ஊர்கள் வரும் பழக்கம் ஒரே நாளில் உண்டாவதில்லை.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகள் மூன்றையும் காட்டி, அங்கே எங்கெங்கிருந்தோ மாடு வருகிறது, நாடு எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான், அந்த மூன்றும் எப்போதோ நாட்டைத் தாண்டிவிட்டன. 2009இன் ஒழுங்குமுறைச் சட்டம், 2014 மே 7இன் உச்ச நீதிமன்றத் தடை, 2017 ஜனவரிப் போராட்டமும் சட்டத் திருத்தமும், அதை உறுதி செய்த 2023 மே 18 தீர்ப்பு என்று வந்த ஒவ்வொன்றும் பொறுப்பை ஊரிடமிருந்து எடுத்து மாவட்ட நிர்வாகத்திடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. இப்போது இணையதளத்தில் பதிவு, டோக்கன், மருத்துவச் சான்று, எண் போட்ட பனியன், சுற்றுக்கு இத்தனை பேர். மாட்டின் நலனுக்கும் ஆளின் உயிருக்கும் இது தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த இடத்தில் கணினி வரிசை வந்துவிட்டது. 2011இல் மாநகராட்சியோடு இணைந்த அவனியாபுரத்தில், யார் கமிட்டி என்ற சண்டை உயர் நீதிமன்றக் கிளை வரை போனது. அழைப்பவர் யார் என்பதே அங்கே வழக்கு.

அப்படியும் எதுவும் மிச்சமில்லை என்று சொல்ல முடியாது. மூன்று இடத்திலும் முதலில் வாடிவாசலைத் தாண்டுவது கோயில் காளை, அதன்மேல் யாரும் கை வைப்பதில்லை. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்ற முறையும் மாறவில்லை. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் சுமார் 66 ஏக்கரில் அரசு கட்டிய ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது. வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் தை மூன்றாம் நாள் முனியாண்டி கோயில் காளை அந்த அரங்கத்துக்குப் போகவில்லை; ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலில்தான் அவிழ்க்கிறார்கள். அரங்கத்துப் போட்டிகளுக்கு வேறு தேதிதான் பார்க்க வேண்டியிருக்கிறது.