கால் எரிச்சலின் வரலாறு

சங்கரன்கோவிலில் எங்கள் தாத்தா குழித்தறி நெய்தவர். குழிக்குள் காலை இறக்கி, நாள் முழுக்க மிதியை மாற்றி மாற்றி மிதிக்கணும். கால் நின்றால் தறி நின்றுவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் காசநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் இருமல் அடங்கி, சளியில் ரத்தம் வருவதும் நின்றது. அப்புறம்தான் பாதம் எரிய ஆரம்பித்தது.

"ஏட்டி, உள்ளங்கால்ல கங்கு வச்ச மாதிரி இருக்கு" என்று அம்மாவிடம் சொல்வாராம். ராத்திரி ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பார். எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்தான் முதல் மருந்து. அதையும் குழைத்துப் பூசிப் பார்த்தார். கடைசியில் "எல்லாம் இந்த மாத்திர சூடு" என்று அவராகவே முடிவுகட்டி, மாத்திரையை நிறுத்திவிட்டார். எரிச்சல் மெல்லக் குறைந்தது. சில மாதத்தில் இருமல் திரும்பி வந்தது. மறுபடி முதலிலிருந்து மருந்து. பிழைத்துக்கொண்டார், ஆனால் தறிக்குத் திரும்பவில்லை.

தாத்தா சொன்னது பாதி சரி. காரணம் மாத்திரைதான், ஆனால் சூடு அல்ல. அதற்கான விடை அவருக்கு 20 வருஷம் முன்பே தமிழ்நாட்டில் கிடைத்திருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த மாத்திரையின் பெயர் ஐசோனியாசிட். 1912இல் பிராகா நகரில் ஹான்ஸ் மேயர், யோசஃப் மாலி என்ற இருவர் இதை முதலில் தயாரித்தபோது, எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியாது. காசநோய்க் கிருமியை இது கொல்லும் என்பது நாற்பது வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. 1952இல் நியூயார்க்கின் ஸீ வியூ மருத்துவமனையில் படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடமாடிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. விலையும் குறைவு, வாய்வழியே விழுங்கினால் போதும்.

இரண்டே வருஷத்தில் மறுபக்கம் தெரிந்தது. 1954இல் பீல், வில்டர் என்ற அமெரிக்க மருத்துவர்கள், ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர்களின் சிறுநீரில் பி6 வைட்டமின், அதாவது பைரிடாக்ஸின், வழக்கத்தைவிட அதிகமாக வெளியேறுவதைக் காட்டினார்கள். மருந்து உடம்பிலுள்ள பி6ஓடு ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியதை இழுத்துக்கொண்டு வெளியே போகிறது. மிச்சமிருக்கும் பி6 வேலை செய்வதையும் தடுக்கிறது. நரம்புக்கு பி6 இல்லாமல் முடியாது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை, அதனால் முதல் அடி அங்கேதான் விழும். விரல் நுனியில் மதமதப்பு, அப்புறம் எரிச்சல், அப்புறம் காலுறை போட்டமாதிரி மரத்துப்போதல்.

இந்தக் கதை 1956இல் சென்னைக்கு வருகிறது. சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் அந்த வருஷம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்த முயற்சி அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்று நடத்தினார். அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் கேள்வி இது: சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, தாதியர் கவனிப்பு எல்லாம் கிடைக்கும் நோயாளி ஒருபக்கம், குடிசையில் இருந்துகொண்டே மாத்திரை விழுங்கும் ஏழை நோயாளி மறுபக்கம். யார் குணமாவார்? 1959இல் வெளியான முடிவு உலகத்தை ஆச்சரியப்படுத்தியது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். காசநோய்க்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம் என்று உலகம் துணிந்ததற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

மருந்து இருந்தால் சாப்பாடு பெரிய விஷயமில்லை என்று அந்த முடிவைப் படித்துவிடலாம். கிருமியைப் பொறுத்தவரை அது உண்மை. நரம்பைப் பொறுத்தவரை அப்படி இல்லை என்று அதே மையம் அடுத்து கண்டது.

அப்போது ஐசோனியாசிடோடு பாஸ் என்ற இன்னொரு மருந்தும் கொடுப்பார்கள். அதைக் கிராம் கணக்கில் விழுங்கணும், வயிற்றைக் குமட்டும், விலையும் அதிகம். ஏழை நாட்டுக்கு ஐசோனியாசிட் மட்டும் போதுமா என்று கூடுதல் அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். சில நோயாளிகளுக்குக் கால் எரிந்தது. அதை "சும்மா சொல்றாங்க" என்று தள்ளாமல் குறித்துக்கொண்டு, யாருக்கு வருகிறது என்று தேடினார்கள். 1960இல் அதை ஆய்வாக வெளியிட்டார்கள். ஐசோனியாசிடைச் சிலர் உடம்பு வேகமாகச் செயலிழக்கச் செய்யும், சிலர் உடம்பு மெதுவாக. மெதுவானவர்களுக்கே நரம்புக் கோளாறு அதிகம் வந்தது. இது பிறப்பிலேயே வரும் குணம். இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவானவர்கள். ஒரே மாத்திரை, ஒரே அளவு, ஆனால் ஆளுக்கு ஆள் மருந்து உடம்பில் தங்கும் நேரம் வேறு.

மாற்று என்ன? 1963இல் அதே மையம் வெளியிட்ட ஆய்வு, தினம் 6 மில்லிகிராம் பைரிடாக்ஸின் சேர்த்தாலே எரிச்சல் வராமல் தடுக்கலாம் என்று காட்டியது. காசு கணக்கில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. காசு மிச்சம் பிடிக்கப் போய் வந்த தொல்லைக்குக் காசே ஆகாத தீர்வு.

என் தாத்தாவின் கையில் அந்தச் சின்ன மாத்திரை இருந்ததா, இருந்தும் அவர் போட்டுக்கொள்ளவில்லையா, தெரியாது. சேத்துப்பட்டில் கால் எரிகிறதா என்று கேட்க ஆள் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டது புற்றுமண் மட்டும்தான்.

இன்று காசநோய் மருந்தோடு பைரிடாக்ஸின் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நோயாளிக்குச் சாப்பாட்டுச் செலவுக்கென்று 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய மத்திய அரசு உதவி, 2024இல் 1,000 ரூபாயானது. 1956இன் அந்தச் சிறிய மையம், இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆனால் கதை இடம் மாறியிருக்கிறது. இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு சுகர் மாத்திரை. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, மலிவு, 1957இலிருந்து புழக்கத்தில் இருப்பது. ஆனால் வருஷக்கணக்கில் எடுத்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 வைட்டமின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. 1970களின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்கள் இதை எழுதிவிட்டன. 2022இல்தான் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அடிக்கடி வரக்கூடிய பக்கவிளைவு என்று திருத்தியது. பி12 பெரும்பாலும் கறி, மீன், முட்டை, பாலில் இருப்பது. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஏற்கெனவே இருப்பு குறைவு. அது குறைந்தாலும் எரிவது பாதம்தான். சர்க்கரை கூடினாலும் எரிவது பாதம்தான். அதனால் முதல் காரணம் இரண்டாவதின் நிழலில் ஒளிந்துகொள்கிறது.

இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் வைட்டமின் வாங்கி விழுங்கிவிடலாம் என்று யாரும் கிளம்பவேண்டாம். பைரிடாக்ஸினைக் கிராம் கணக்கில் எடுத்தவர்களுக்கு அதுவே நரம்பைக் கெடுத்ததை 1983இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். தாத்தா மாதிரி மாத்திரையை நிறுத்துவதும் தீர்வு இல்லை. டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த மாத்திர என்ன தருது, என்ன எடுக்குது?"

போன வருஷம் அம்மா பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, "சுகர் இருந்தா எரியத்தான் செய்யும்லா" என்றாள். பத்து வருஷமாக மெட்ஃபார்மின் எடுக்கிறாள். சரி என்று நானும் எழுந்துவிட்டேன். தாத்தாவின் ஈரத்துணி ஞாபகம் வந்து திரும்ப உட்கார்ந்தேன். அடுத்த வாரம் டாக்டரிடம் கேட்டோம். அவர் சீட்டில் ஒரே வரி எழுதினார்: பி12 பரிசோதனை. குறைவாகத்தான் இருந்தது. ஊசி போடுகிறார்கள். எரிச்சல் முழுசாகப் போகவில்லை, ஆனால் ராத்திரி தூங்குகிறாள்.