பழைய கேமிங் பிசி திணறுதா? ப்ராசஸரை மாற்றும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு பட்ஜெட்டுக்குள் அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டர்கள், இன்றைய கேம்களை ஓட்ட முடியாமல் தடுமாறுகின்றன. புது பிசி வாங்கணுமா, ப்ராசஸரை மட்டும் மாற்றினால் போதுமா? பல கம்ப்யூட்டர்களுக்கு ப்ராசஸர் மட்டுமே போதும். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வாங்கினால் காசும் போகும், பிசியும் ஆன் ஆகாது.

உண்மையிலேயே ப்ராசஸர்தான் பிரச்னையா?

வழக்கமாக ஆடும் கேமை ஓட்டிக்கொண்டே, டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். அது 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், திணறுவது கிராபிக்ஸ் கார்டு. ப்ராசஸரை மாற்றினாலும் பெரிய பலன் இருக்காது.

கிராபிக்ஸ் கார்டு 60, 70 சதவீதத்தில் சும்மா இருக்க, கேம் மட்டும் விட்டு விட்டு ஓடினால் ப்ராசஸர் மீது சந்தேகப்படலாம். ப்ராசஸர் பயன்பாடு 50 சதவீதம்தானே காட்டுகிறது என்று ஏமாற வேண்டாம். ஒரே ஒரு கோர் முழுவதுமாக நிரம்பினாலும் கேம் தடுமாறும்.

இன்னொரு சுலபமான டெஸ்ட்: கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் காரணம். ஏறவே இல்லை என்றால் பெரும்பாலும் ப்ராசஸர்.

8 ஜிபி ரேம் ஒரே ஒரு ஸ்டிக்காக இருந்தாலோ, கேம்கள் இன்னும் ஹார்டு டிஸ்கில் இருந்தாலோ, முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். அதிலேயே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடலாம்.

முடிவு செய்வது மதர்போர்டுதான்

எந்த ப்ராசஸரைப் போட முடியும் என்பதை மதர்போர்டில் உள்ள சாக்கெட்டும், பயாஸ் எனப்படும் அதன் அடிப்படை மென்பொருளும்தான் தீர்மானிக்கின்றன.

இதில் ஏஎம்டி பயனர்களுக்கு அதிர்ஷ்டம் அதிகம். 2017-ல் முதல் ரைசன் ப்ராசஸர்கள் வந்த அதே ஏஎம்4 சாக்கெட்டில், ரைசன் 5000 வரிசையையும் போடலாம். பி450 போர்டுகளுக்கு மட்டுமல்ல, பி350, ஏ320 போன்ற பழைய போர்டுகளுக்கும் இந்த வசதியை 2022-ல் ஏஎம்டி அனுமதித்தது.

இன்டெலில் கொஞ்சம் உஷாரா இருக்கணும். 6, 7-ம் தலைமுறைக்கும் 8, 9-ம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான்: எல்ஜிஏ 1151. ஆனாலும் 6-ம் தலைமுறை போர்டில் 8-ம் தலைமுறை ப்ராசஸர் வேலை செய்யாது.

எனவே காசு கொடுக்கும் முன், உங்கள் போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலைப் பாருங்கள். எந்த பயாஸ் வெர்ஷன் தேவை என்பதும் அங்கேயே இருக்கும்.

எதை வாங்கலாம்?

2018-ல் வந்த ரைசன் 3 2200ஜி, அந்தக் காலத்து பட்ஜெட் பிசிகளின் செல்லப்பிள்ளை. அதில் 4 கோர், 4 த்ரெட், 4 எம்பி எல்3 கேஷ். 2022-ல் வந்த ரைசன் 5 5600-ல் 6 கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ். இரண்டுக்கும் மின் அளவு ஒன்றேதான், 65 வாட். அதனால் பழைய பவர் சப்ளை நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும். ரேமையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் 2200ஜி-யில் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு, 5600-ல் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் 5600-ஐப் போட்டால் திரையில் எதுவும் வராது. அவர்களுக்கு 5600ஜி-தான் சரி.

கேமிங்குக்கென்றே 96 எம்பி எல்3 கேஷுடன் வந்த 5800எக்ஸ்3டி, 105 வாட் ப்ராசஸர். அதனுடன் கூலர் வராது. விலை குறைந்த ஏ320 போர்டில் இதைப் போட்டு சிரமப்படுத்த வேண்டாம்.

முதலில் பயாஸ், பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். பழைய பயாஸுக்குப் புது ப்ராசஸரை அடையாளம் தெரியாது, பிசி ஆன் ஆகாது. ப்ராசஸரே இல்லாமல் பயாஸ் ஏற்றும் வசதி சில போர்டுகளில் மட்டுமே உண்டு.

அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே வீணாகலாம். யுபிஎஸ் இருந்தால் நல்லது. பிட்லாக்கர் ஆன் செய்திருப்பவர்கள், அதன் ரெகவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸர் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம்

ஏஎம்4-ல் பின்கள் ப்ராசஸரின் அடியில்தான் இருக்கும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் பசைபோல ஒட்டிக்கொள்வதால், கூலரை நேராக இழுத்தால் ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டி, சூடானதும் பிசியை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி எடுங்கள். பழைய பேஸ்டை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிது தடவுங்கள். செகண்ட் ஹேண்ட் ப்ராசஸர் வாங்கினால், ஒரு பின்கூட வளையவில்லை என்று பார்த்தபிறகே பணம் கொடுங்கள்.

யாருக்கு இது வேண்டாம்?

இன்டெல் 4-ம் தலைமுறை பிசி என்றால் யோசிக்கணும். அந்த போர்டில் ஐ7 போட்டாலும் 4 கோர், 8 த்ரெட்தான். ரேமும் பழைய டிடிஆர்3. விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வ பட்டியலிலும் அந்த ப்ராசஸர்கள் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட பிசிக்குச் செலவழிப்பதைவிட, போர்டு, ரேம், ப்ராசஸர் மூன்றையும் சேர்த்து மாற்றப் பணம் சேர்ப்பதே லாபம்.

ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் அந்தச் செலவைத் தள்ளிப்போடலாம். அவர்கள் முதலில் செய்ய வேண்டியது, போர்டின் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு ப்ராசஸர் பட்டியலைத் திறந்து பார்ப்பதுதான்.