எங்கள் தேன்தேன்

சென்ற வாரம் பேரன் ஒரு பழைய டிவிடியைப் போட்டு, "தாத்தா, டின்டின் பாருங்க" என்றான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அவன் 'தேன்தேன்'. நாயின் பெயரும் ஸ்னோயி அல்ல, மிலு.

ஜார்ஜ் ரெமி என்ற பெல்ஜியக்காரர், எர்ஜே என்ற புனைபெயரில் 1929 ஜனவரி 10 அன்று தொடங்கிய சித்திரக்கதை இது. நாங்கள் பார்த்தது 1991-92இல் பிரெஞ்சு, கனடிய நிறுவனங்கள் சேர்ந்து எடுத்த கார்ட்டூன். மொத்தம் 39 பகுதிகள்.

அதில் காங்கோ கதை இல்லை. பள்ளி நாளில் நான் விழுந்து விழுந்து சிரித்த கதை அது! 1931இல் வந்த முதல் புத்தகத்தில், தேன்தேன் காங்கோ பிள்ளைகளுக்கு 'உங்கள் தாய்நாடு பெல்ஜியம்' என்று பாடம் நடத்துவான். 1946இல் வண்ணத்தில் திருத்தி வரைந்தபோது அது வெறும் கூட்டல் கணக்காக மாறிவிட்டது. நான் படித்தது கணக்குதான். பழைய பாடத்தைப் பற்றித் தெரிந்துகொண்டது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு.

1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் எங்களுடையது. எங்கள் அப்பாக்கள் உட்கார்ந்ததும் அதே மாதிரி பெஞ்சில்தான். நானோ தேன்தேன் பக்கம் நின்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

எர்ஜேவும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1934இல் சாங் என்ற சீன மாணவரோடு பழகியபின், 'நீலத் தாமரை'யைச் சீனர் பக்கம் நின்று வரைந்தார்.

"அடுத்து அதைப் போடு கண்ணு" என்றேன். இருவரும் சேர்ந்து பார்த்தோம்.